ஒரு பெட்டி டைல்ஸை மிச்சம் பிடிக்கப் போய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழோடு சனிக்கிழமை வரும் வீட்டு இணைப்பை நான் விடாமல் படிக்கிறேன். சில வாரங்களாகப் பழைய படுக்கையறையைப் புதுப்பிப்பது பற்றி நிறையப் படங்களோடு எழுதுகிறீர்கள். சுவருக்கு என்ன நிறம், தரைக்கு எந்த டைல்ஸ், சுவரோடு சேர்த்த அலமாரிக்கு என்ன மைக்கா என்பதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் இவற்றில் எது முதலில், எது அடுத்து என்று ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். முடிந்தால் முழுவதையும் வெளியிடுங்கள்.

நான் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திருவானைக்காவலில் 1994இல் கட்டிய வீடு எங்களுடையது. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லா அறையிலும் மொசைக் தரை. 2021இல் மகள் தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. கீழ் அறையைச் சரிசெய்து, பழைய இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றிவிட்டு, லாஃப்டுக்குக் கீழே எட்டு அடி அகலத்துக்குச் சுவர் அலமாரி செய்து, தரைக்கு டைல்ஸ் போடலாம் என்று முடிவு செய்தோம். பன்னிரண்டுக்குப் பதினொன்று அறை. பெரிய வேலை ஒன்றும் இல்லை.

புரட்டாசியில் ஆரம்பித்தோம். டைல்ஸ் போடும் கொத்தனார் வேறு ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டார், மூன்று வாரம் ஆகும் என்றார். ஆசாரி கையில் வேலை இல்லாமல் இருந்தார். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. சரி, சும்மா இருக்கும் நேரத்தில் அலமாரியை முடித்துவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றியது. வேலையை எடுத்துச் செய்த மேஸ்திரி இன்னொரு கணக்கும் சொன்னார். "அலமாரி நிற்கிற இடத்தில் டைல்ஸ் போட்டு யார் பார்க்கப் போகிறார்கள் அம்மா? எட்டுக்கு ரெண்டு, பதினாறு சதுர அடி மிச்சம்."

அந்தக் கணக்கை இன்று உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் ஒன்று நான்கு சதுர அடி. பதினாறு சதுர அடிக்கு நான்கு டைல்ஸ். நாங்கள் வாங்கிய டைல்ஸில் ஒரு பெட்டிக்கு நான்குதான். ஆக நாங்கள் மிச்சம் பிடித்தது ஒரே ஒரு பெட்டி. கூலி, ஒட்டும் பசை எல்லாம் சேர்த்தால் 1,500 ரூபாய் இருக்கும்.

அலமாரி மொசைக் மேலேயே நின்றது. ஆசாரி நல்ல வேலைக்காரர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். பழைய தரையிலிருந்து கால் அங்குலம் மட்டும் விட்டு, கதவுகளை அழகாக மாட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். மொசைக்கைப் பெயர்த்தெடுக்காமல் அதன் மேலேயே பசை வைத்து டைல்ஸ் ஒட்டுவதாக ஏற்பாடு. டைல்ஸ் ஒன்பது மில்லிமீட்டர், பசை நான்கைந்து. மொத்தம் அரை அங்குலத்துக்கு மேல் தரை உயர்ந்தது. கால் அங்குல இடைவெளி விட்ட கதவு எப்படித் திறக்கும்?

ஆறு கதவுகளையும் கழற்றிக் கீழ்ப்பக்கம் அரை அங்குலம் அறுத்தார்கள். அறுத்த இடத்தில் ஓரத்தை மூடி ஒட்டியிருந்த எட்ஜ் பேண்டிங் பட்டை போய்விட்டது. பிளைவுட்டின் வெறும் ஓரம் தெரிந்தது. அதன்மேல் ஏதோ வார்னிஷ் பூசினார்கள். தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற தரை. ஆறே மாதத்தில் அந்த ஓரம் தண்ணீர் குடித்து, அடிப்பக்கத்து மைக்கா உதடு மாதிரி பிரிந்து நின்றது. அறையின் நிலைக்கதவையும் அறுக்க வேண்டி வந்தது. ஆனால் அது தேக்கு. இழைப்புளி போட்டால் முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. மைக்கா ஒட்டிய பிளைவுட்டை அப்படி இழைக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. டைல்ஸை அறையிலேயே கட்டர் வைத்து அறுத்தார்கள். தண்ணீர் ஊற்றி அறுப்பதால் சேறும் பால்போன்ற தண்ணீரும் அலமாரியின் பீடத்துக்கு அடியில் ஓடியது. மேலே துணி போட்டு மூடியிருந்தோம், கீழே மூடவில்லை. அந்த ஈரம் அங்கேயே தங்கியது. வெளியே ஐப்பசி மழை. திருவானைக்காவல் அப்புத் தலம். ஜம்புகேஸ்வரர் கருவறையிலேயே தண்ணீர் ஊறுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் தரைக்கடியில் மண் எந்த மாதமும் முழுதாகக் காய்வதில்லை.

2023 கார்த்திகையில் ஒருநாள் கீழ்த்தட்டில் இருந்த பெட்டியை இழுத்தேன். பெட்டியின் அடி கையோடு வரவில்லை. அலமாரியின் முதுகுப் பலகையில் விரல் கனத்துக்கு மண் கோடுகள். கரையான். மொசைக்கும் சுவரும் சேரும் இடத்தில் பழைய விரிசல் ஒன்று இருந்திருக்கிறது. அறை முழுவதும் அந்த விரிசல் டைல்ஸுக்கும், சுவரின் அடியோரத்தில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கும் அடியில் அடைபட்டுவிட்டது. அலமாரிக்குப் பின்னால் மட்டும், நாங்கள் மிச்சம் பிடித்த அந்தப் பதினாறு சதுர அடியில் மட்டும், திறந்தபடியே இருந்தது. இருட்டு, ஈரம், மரம். கரையானுக்கு வேறென்ன வேண்டும்?

போனவை இரண்டு. என் அம்மாவின் சுங்குடிப் புடவை ஒன்று. இன்னொன்று நான் 1981இல் தையல் பயிற்சி படித்தபோது செய்த மாதிரிப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தையல். ஓரம் மடித்துத் தைப்பது, பொத்தான் துளை, ஃப்ரில், ஒட்டுப் போடுவது எல்லாம் துணியில் செய்து காகிதத்தில் ஒட்டியிருப்போம். முப்பது வருஷம் வகுப்புக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டிய புத்தகம். பொத்தான் துளைப் பக்கமும் இன்னும் நாலைந்து பக்கங்களும் தப்பின. மற்றதெல்லாம் மண்ணாகிவிட்டது. அலமாரிக்குச் செலவழித்த பணத்தைப் பற்றி நான் அவ்வளவாக வருத்தப்படவில்லை. இதற்குத்தான் இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்த அறையில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. புதுக் காடாத்துணியை முதலில் நனைக்க வேண்டும், காயவைக்க வேண்டும், இஸ்திரி போட வேண்டும், அதற்குப் பிறகுதான் அளவெடுத்துக் கத்தரிக்கோலைத் தொட வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! துணி சுருங்குகிற அளவுக்குச் சுருங்கி முடிந்த பிறகு எடுத்தால்தான் அது அளவு. தரையும் அப்படித்தான். உயர வேண்டியது உயர்ந்து, காய வேண்டியது காய்ந்த பிறகு ஆசாரி டேப்பைப் பிடித்தால்தான் அது அளவு.

2024 மாசியில் அலமாரியைப் பெயர்த்தெடுத்தோம். அடியில் அரை அங்குலப் பள்ளம், எட்டடிக்கு இரண்டடி. அதே டைல்ஸ் கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். அந்த டிசைன் வருவது நின்று ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றார்கள். கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் நான்கு டைல்ஸ் வாங்கினேன். பகலில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. மகளும் பேத்தியும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், வளைகாப்பும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. ஒவ்வொரு வேலைக்காரரிடமும் உட்கார்ந்து கேட்டு, எழுதி வைத்துச் செய்தேன். அப்படிக் கற்றதை மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

சுவரில் உடைப்பதெல்லாம் முதலில் முடிய வேண்டும். அலமாரிக்குள் விளக்கு வேண்டுமா, ஏசி பாயிண்ட் எங்கே, எந்த ஸ்விட்ச் பெட்டி அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் என்பதை அப்போதே தீர்மானிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பழைய பிளக் பாயிண்ட் ஒன்று அலமாரிக்குப் பின்னால் போய், முதல் தடவை யாருக்கும் தெரியாமல் இரண்டு வருஷம் மின்சாரத்தோடு கிடந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

அடுத்தது கரையான் மருந்து. தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்தை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். அதற்கான விதிமுறையே இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிறது, ஐ.எஸ். 6313. இதைப் புது டைல்ஸ் போடுவதற்கு முன்னால் செய்தால் துளைகள் மேலே வரும் டைல்ஸில் மறைந்துவிடும். பின்னால் செய்தால் புதுத் தரையில் ஓட்டை போட வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு மனசு வரும்? அதனாலேயே பலரும் மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் தரை. சுவரிலிருந்து சுவர் வரை, அலமாரி வருகிற இடத்தையும் சேர்த்து. அலமாரிக்கு அடியில் வரும் டைல்ஸை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் அங்கே வேலையும் அசட்டையாக நடக்கும். நான் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைல்ஸையும் நான்கு மூலையிலும் தட்டிப் பார்த்தேன். பொள்ளலாகச் சத்தம் வந்த ஒன்றைக் கொத்தனார் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். அலமாரி வந்த பிறகு அந்த இடத்தைத் தட்ட முடியாது. மொசைக்கையோ கிரானைட்டையோ மெஷின் வைத்துப் பாலிஷ் போடுவதாக இருந்தாலும் இதே நேரத்தில்தான் செய்ய வேண்டும். அந்த மெஷின் ஓடினால் அறையே சேறாகிவிடும். உள்ளே மரம் இருக்கவே கூடாது.

ஸ்கர்ட்டிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஆசாரிதான். தரை டைல்ஸ் சுவர் வரை போகட்டும், ஆனால் அலமாரிக்குப் பின்னால் வரும் சுவரில் ஸ்கர்ட்டிங் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அலமாரியின் அடி ஸ்கர்ட்டிங்கில் இடித்து நிற்கும். மேலே சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து விழும். அலமாரி நின்ற பிறகு அதன் இரண்டு பக்கமும் ஸ்கர்ட்டிங்கை அளந்து வெட்டி ஒட்டுவதுதான் சரி. இதற்காகக் கொத்தனார் இன்னொரு தடவை அரை நாள் வர வேண்டும். அதை முன்பே பேசி, கூலியில் ஒரு பங்கை அதுவரை நிறுத்தி வைக்க வேண்டும். முழுப் பணமும் வாங்கிப் போனவரைத் திரும்ப வரவழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

தரை முடிந்ததும் சுவருக்குப் பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, ஒரு கோட் பெயின்டும் அடித்துவிட வேண்டும், அலமாரிக்குப் பின்னால் வரும் சுவர் உட்பட. வெறும் சிமெண்ட் சுவர் ஈரத்தை இழுத்துப் பலகையிடம் கொடுக்கும். கடைசிக் கோட் மட்டும் அலமாரி வேலை முடிந்த பிறகு.

இதற்கெல்லாம் பிறகுதான் ஆசாரிக்கு அறைச் சாவி. தரையின் உயரத்தை இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில் அளக்கச் சொன்னேன். எட்டடிக்குள் கால் அங்குலம் ஏற்ற இறக்கம் இருந்தது. பழைய வீட்டில் அது இருக்கத்தான் செய்யும். இழுத்துத் தள்ளுகிற கதவு வைப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அடித்தண்டவாளம் மட்டமாக இல்லாவிட்டால் கதவு தானாக ஒரு பக்கம் ஓடும். நாங்கள் இந்தத் தடவை பிளைவுட் பீடத்தை விட்டுவிட்டு, திருகி உயரம் மாற்றுகிற பிவிசி கால்கள் வைத்தோம். நான்கு அங்குல உயரம். முன்னால் ஒரு பட்டையைக் கழற்றினால் அடியில் பெருக்கலாம், கரையான் கோடு வருகிறதா என்று டார்ச் அடித்தும் பார்க்கலாம். நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். அடிப்பெட்டிக்கு மட்டும் 710 என்று அச்சிட்ட, தண்ணீர் தாங்குகிற பிளைவுட் வாங்கினோம். மேலே சாதாரண 303 போதும் என்று ஆசாரியே சொல்லிவிட்டார்.

ஆசாரிகள் சொல்லும் ஒரு ஆட்சேபம் நியாயமானது. புதுத் தரையின்மேல் பிளைவுட்டை இழுத்தால் கீறல் விழும், ஒரு உளி விழுந்தால் டைல்ஸ் உடையும், பழி அவர்கள் தலையில் வரும். அதனால்தான் அவர்கள் தரைக்கு முன்னால் வந்துவிடப் பார்க்கிறார்கள். முதல் தடவை டைல்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளை நாங்கள் தூக்கிப் போடவில்லை. பிரித்து, அறை முழுவதும் இரண்டு அடுக்காக விரித்து, டேப் போட்டு ஒட்டினோம். பலகை அறுப்பதை வாசலில் வைத்துக்கொண்டார்கள். ஒரு கீறல்கூட விழவில்லை.

என் நாத்தனார் வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவர் கடையில் ஆர்டர் கொடுத்து, பெட்டியாகச் செய்து கொண்டுவரும் அலமாரி வாங்கினார். அளவெடுக்க வந்த பையன் வந்தது தரை வேலைக்கு முன்னால். லாஃப்டின் அடிவரை துல்லியமாக அளந்துகொண்டு போனான். நாற்பது நாள் கழித்துப் பெட்டி வந்து இறங்கியபோது புதுத் தரை போட்டாகிவிட்டது. லாஃப்டுக்குக் கீழே நுழையவில்லை. அரை அங்குலம். பீடத்தை அறுத்துக் குறைத்துத்தான் உள்ளே தள்ளினார்கள். நாத்தனார் முதலிலேயே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நான்தான் எங்கள் வீட்டுக் கரையான் கதையை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சரி, எப்போதும் தரைதான் முதலில் என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் மகன் சென்னையில் தன் ஃபிளாட்டின் படுக்கையறைக்கு மரத்தரை போல இருக்கிற லாமினேட் பலகை போட ஆசைப்படுகிறான். அது வேறு கணக்கு. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பலகைகள் அவை. தரையில் ஒட்டுவதில்லை, மெல்லிய ஃபோம் விரிப்பின்மேல் சும்மா கிடக்கும். ஈரக்காற்றுக்கு விரியும், வறண்டால் சுருங்கும். அதற்காகத்தான் சுவர் ஓரம் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் இடம் விடுகிறார்கள். துணி நிறைந்த அலமாரியை அதன் தலையில் ஏற்றினால் ஒரு பக்கம் நகர முடியாமல் பிடிபட்டு, இன்னொரு பக்கம் இணைப்பு விலகும், இல்லையென்றால் நடுவில் எழும்பும். அங்கே அலமாரி முதலில், பழைய தரையிலேயே நிற்க வேண்டும். பலகை அதன் பீடம் வரை வந்து, சின்ன இடைவெளி விட்டு, அதன்மேல் பீடிங் பட்டை வரவேண்டும். ஆனால் பலகை எட்டு மில்லிமீட்டர், ஃபோம் இரண்டு என்றால் அந்தப் பத்தையும் கணக்கில் வைத்துக் கதவை மேலே தூக்கி மாட்ட வேண்டும். ஆக எந்தத் தரை, எத்தனை மில்லிமீட்டர் என்பது ஆசாரி வருவதற்கு முன்னால் முடிவாகியிருக்க வேண்டும். டைல்ஸ் வாங்காமல் அலமாரிக்கு முன்பணம் கொடுப்பதுதான் முதல் தப்பு. நாங்கள் செய்தது அதைத்தான்.

கொத்தனாரும் ஆசாரியும் எலெக்ட்ரீஷியனும் தனித்தனியாக வருகிறார்கள், தனித்தனியாகப் பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். நடுவில் இருக்கிற அரை அங்குலத்துக்கு மட்டும் ஆள் இல்லை. இரண்டாம் தடவை மூன்று பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குக் கூப்பிட்டு, காலி அறையில் நிற்கவைத்துப் பேசச் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. பிளக் பாயிண்ட், ஸ்கர்ட்டிங், ஏசி தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நான் சாக்பீஸால் சுவரில் வரிசையை எழுதினேன், மூன்று பேரும் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மொத்த வேலையை எடுத்துச் செய்பவர்கள் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளில் பொருள், அளவு, விலை எல்லாம் இருக்கிறது. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பது இருப்பதில்லை. அதையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள் என்று உங்கள் இணைப்பு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அலமாரிக்குக் கீழே தரை உண்டா இல்லையா என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண் ஒன்றாகவே இருக்கும்படி நான்கு டைல்ஸ் கூடுதலாக வாங்கி, பரணில் போட்டு வையுங்கள் என்றும் சொல்லுங்கள்.

மார்கழியில் வீட்டு வேலை தொடங்குபவர்கள் குறைவு. தை பிறந்து பொங்கல் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள், கிடைத்த ஆளை முதலில் இறக்குவார்கள், எங்களைப் போலவே. அதற்கு முன்னால் ஏதாவது ஒரு சனிக்கிழமை, அறையின் படங்களுக்குப் பக்கத்தில் இந்த வரிசையையும் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரிடம் கேட்டு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
திருவானைக்காவல், திருச்சி.